காயில் அக்காவின் வெறுங்கால்

செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுவரோரமாக வைத்துவிட்டுத்தான் காயில் அக்கா கிக்கர் மேல் காலை வைப்பார். வேலை முடிந்த ஒவ்வொரு வண்டிக்கும் முதல் உதை அவருடையது. அதுவும் வெறுங்காலால். உள்ளங்காலின் பள்ளத்தில் கிக்கரை வாங்கிக்கொண்டு ஒருமுறை மெதுவாக அழுத்திப் பார்ப்பார். பிறகு முழு உடம்பையும் ஏற்றி ஒரே உதை. இஞ்சின் பிடித்துக்கொண்டால் முகத்தில் மலர்ச்சி வரும் என்று எதிர்பார்த்துவிடக் கூடாது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வண்டிக்காரரைப் பார்த்து, “இப்ப நீங்க அடிங்க” என்று உறுமுவார்.

“செருப்பு எதுக்குக்கா கழட்டுறீங்க?” என்று முதல் நாள் நான் கேட்டேன்.

“வெறுங்கால்ல அடிக்க எனக்கே பயமா இருந்தா, அந்த வண்டிய எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க கையில குடுக்கறது?”

அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆண்கள் சட்டை, கைகளை முழங்கை வரை மடித்துவிட்டது. சட்டைப்பையில் வெள்ளை நகப்பூச்சுக் குப்பி. நகத்தில் அவர் அதைப் பூசி யாரும் பார்த்ததில்லை. இஞ்சினின் பக்கவாட்டில் சுற்றுகிற மேக்னெட் சக்கரத்தில் டைமிங் கோடுகள் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பூசுவது அது. இன்ன இடத்தில் சக்கரம் வரும்போது பிளக்கில் பொறி விழ வேண்டும் என்று சொல்கிற கோடுகள் அவை. கம்பெனி போட்ட கோட்டையும் அக்கா அப்படியே நம்பிவிட மாட்டார். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளைக்குள் குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ராவை நுழைப்பார். சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புவார். ஸ்ட்ரா எழும்பி, நின்று, இறங்கத் தொடங்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்த இடம் எது என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நகப்பூச்சு வெளியே வரும்.

ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சலவை செய்த வெள்ளைத் துணி ஒன்று மடித்து வைத்திருப்பார். பொறி வேலையின் நுணுக்கமான முனைகளைத் துடைக்க மட்டுமே அது. நான் ஒருநாள் தெரியாத்தனமாக அதை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். அன்று வாங்கிய திட்டை எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். அவருடைய கணவரே அந்த டின்னைத் தொட்டதில்லையாம். கணவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் பேருந்தில் கத்தித் தீர்த்த களைப்போ என்னவோ, வீட்டில் பேசும் பொறுப்பு முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார். பட்டறை அவர்கள் வீட்டின் முன்னறைதான். மதியம் சரியாக ஒரு மணிக்கு உள்கதவு கால்வாசி திறக்கும். ஒரு தலை தெரியும். “சாப்பாடு” என்று ஒரு சொல் வரும். கதவு மூடிக்கொள்ளும்.

பட்டறை மூலையில் ஒரு குப்பைத் தொட்டி. அந்த ஊரிலேயே அதிக அலங்காரமான குப்பைத் தொட்டி அதுவாகத்தான் இருக்கும். ‘முப்பது சதவீதம் கூடுதல் சக்தி’, ‘பந்தயத் தரம்’, ‘இடிமின்னல்’ என்று பளபளக்கும் ஸ்டிக்கர்கள் அதன் உடம்பு முழுக்க. யாராவது பிளக்குக்குப் பொறி தருகிற புது காயிலோ, இக்னிஷன் பெட்டியோ கொண்டுவந்து பொருத்தச் சொன்னால், அக்கா முதல் வேலையாக ஸ்டிக்கரை உரித்துத் தொட்டியில் ஒட்டிவிடுவார். “ஸ்டிக்கரா ஓட்டுது வண்டிய?” இளைஞர்கள் முகம் சுண்டிப்போகும். அந்த ஸ்டிக்கருக்காகவே வாங்கியவர்கள் அவர்கள்.

இந்தக் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அக்கா பதினெட்டு வருடம் காயில் தொழிற்சாலையில் இருந்தவர். முதலில் சுற்றுகிற மேஜை. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். ஒரு சுற்றில் கம்பி கீறினாலும் காயில் வீண். பிறகு சோதனை மேஜை. தேறாத காயில்களில் சிவப்பு வில்லை ஒட்டித் தனியே வைப்பது அவர் வேலை. ஒருநாள் கழிப்பறைக்குப் போகிற வழியில் கிடங்கின் கதவு திறந்திருந்தது. அவர் ஒட்டிய சிவப்பு வில்லைகளை உரித்துவிட்டு, வேறு பெயர் அச்சடித்த பெட்டிகளில் அதே காயில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அங்கேயே நின்று கத்தியிருக்கிறார். அடுத்த மாதம் அந்த மேஜையில் வேறு பெண். “நான் ஒட்டினத உரிச்சாங்க. அதான் நான் இப்ப அவங்க ஒட்டறத உரிக்கறேன்” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். அது நல்ல சிரிப்பு இல்லை.

ரொட்டிக்காரர் வந்த நாளன்று நான் அங்கேதான் இருந்தேன். என் வண்டிக்கு எர்த் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார் அக்கா. வாசலில் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதைத் தாண்டியவர். வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். காலில் ராணுவத்தார் போடுவது மாதிரி கனமான பூட்ஸ். வண்டியின் பின்னால் ரொட்டித் தட்டுகள் அடுக்குகிற இரும்புச் சட்டம். எங்கள் பகுதியில் மேட்டுத்தெரு வீடுகளுக்கெல்லாம் காலையில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். மூன்று மாதமாக ஆளைக் காணவில்லை. எங்கள் வீட்டில்கூட, “ரொட்டிக்காரர் வேலைய விட்டுட்டார் போல” என்று பேசிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருந்தோம்.

“ஸ்டார்ட் ஆகற மாதிரி மட்டும் பண்ணிக் குடுங்கம்மா. ஞாயித்துக்கிழம பொண்ணு ஆள் கூட்டிட்டு வர்றா. வித்துடலாம்னு இருக்கோம்” என்றார்.

“நல்ல வண்டியாச்சே அண்ணே. ஏன் விக்கறீங்க?”

அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தட்டுகளை ஏற்றிக்கொண்டு மேட்டுத்தெரு ஏற வண்டி முனகியதாம். பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்று இருக்கிறதே, ரேஸ் மாஸ்டர் கடை, அங்கே கொண்டுபோனாராம். பொறி விடுகிற பழைய பாயிண்ட் இக்னிஷனைத் தூக்கி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டால் இளமை திரும்பிவிடும் என்றார்களாம். போட்டார்கள். இரண்டாம் நாள் காலை கிக்கரை உதைத்தபோது அது திருப்பி உதைத்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

“கடையில போய்க் கேக்கலயா?”

“கேட்டேம்மா. உங்களுக்கு அடிக்கத் தெரியல அங்கிள், வயசாயிடுச்சுல்ல, பாதியில கால விட்டுடுறீங்க, அதான் அடிக்குதுன்னாங்க. வண்டிய வாங்கி ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு குடுத்துட்டாங்க.” பிறகு, ஏதோ தானே திருடிவிட்டவர்போல, குரலை இறக்கினார். “உண்மைதான்மா. கால்ல முன்ன மாதிரி வலு இல்ல. தப்பு எம்மேலதான். இந்த பூட்ஸ்கூட பொண்ணுதான் வாங்கிக் குடுத்தா. இதப் போட்டுக்கிட்டும் கிக்கர் மேல கால் வைக்க முடியல. நடுங்குது.”

முப்பது வருடம் தினமும் விடிவதற்குமுன் அந்தக் கிக்கரை உதைத்த மனிதர் சொல்கிறார் இதை. அக்கா ஸ்பேனரை எடுத்து நேரே பிளக்கில் போட்டார். அவர் பேசாமல் இருந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டடி நகர்ந்து நிற்பது நல்லது என்று எனக்குத் தெரியும். நகர்ந்தேன்.

ஸ்ட்ரா நுழைந்தது. உச்சி கண்டுபிடிக்கப்பட்டது. சக்கரத்தில் இருந்த இரண்டு கோடுகளிலும் நகப்பூச்சு ஏறியது. முதல் கோடு, வண்டியை உதைக்கும்போதும் சும்மா நிற்கும்போதும் பொறி விழ வேண்டிய இடம். இரண்டாவது கோடு, வண்டி வேகமெடுத்து ஓடும்போது விழ வேண்டிய இடம். வேகம் கூடக்கூடப் பொறி கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும் என்பது இஞ்சினின் நியாயம். ஆனால் உதைக்கிற நேரத்தில் முந்திக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு ஏறுவதற்குள் வெடித்து, வந்த வழியே அதைத் திருப்பி அடித்துவிடும். பிஸ்டனோடு கிக்கரும் திரும்பும். கிக்கர் மேல் இருப்பது மனிதக் கால்.

டைமிங் லைட்டை மாட்டிக்கொண்டு அக்கா சொன்னார்: “கிக்கர யாரும் தொடாதீங்க. தம்பி, நீங்க தள்ளுங்க. நான் கியர்ல விட்டுக்கறேன்.”

தெருமுனை வரை தள்ளினேன். வண்டி இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம். டைமிங் லைட் என்பது பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று மின்னுகிற விளக்கு. அதைப் பிடித்தால், அசுர வேகத்தில் சுற்றுகிற சக்கரம் நின்றுவிட்டது போலத் தெரியும். நின்றது. சும்மா உறுமிக்கொண்டிருக்கிற வண்டியில் இஞ்சின் உடம்பில் இருக்கிற அடையாள முள்ளுக்கு நேராக நிற்க வேண்டியது முதல் கோடு. நின்றதோ இரண்டாவது கோடு. அதையும் ஒரு விரற்கடை தாண்டி.

“அங்கயும் இப்படித்தாம்மா” என்றார் ரொட்டிக்காரர். “எப்ப போனாலும் ரெண்டு பேர் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க. ஓடிட்டிருக்கற வண்டியத்தான் கையில குடுப்பாங்க.”

அக்கா விளக்கை அணைத்தார். வண்டியையும் அணைத்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே.”

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். கடைசிச் சொல்லில் குரல் தேய்ந்தது.

அக்கா பக்க மூடியைத் திறந்தார். பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்த, கிட்டின் தகட்டில் நீளமான துளை இருக்கும். அந்தத் துளையின் ஓரத்தில் அரம் போட்டு ராவிய தடம் பளபளவென்று இருந்தது. கம்பெனி விட்ட அளவுக்குமேல் திருப்புவதற்காகத் துளையை நீட்டியிருக்கிறார்கள். அப்படித் திருப்பினால் சின்ன வேகத்திலேயே வண்டி துள்ளும். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர் பல்லெல்லாம் தெரிய இறங்குவார். உதைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தானே தள்ளினார்கள்! தங்கள் காலைக் காப்பாற்றிக்கொண்டு, வண்டியை ஓடவிட்டே ஒப்படைத்துவிட்டு, கால் முறிந்து வந்தவரிடம் உனக்கு வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதர் மூன்று மாதமாகத் தன் காலைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறார்.

உள்கதவு கால்வாசி திறந்தது. “சாப்பாடு.”

“வந்து சாப்பிடறேன். கடையப் பாத்துக்குங்க” என்றார் அக்கா. தகட்டை அப்படியே விட்டு மூடியை மாட்டினார்.

“சரி பண்ணிட்டே போயேன்.” கணவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான், நான் கேட்டவரையில்.

“இப்ப சரி பண்ணிட்டா அவன் தப்பிச்சிடுவான்.”

ரேஸ் மாஸ்டர் கடை மூன்று தெரு தள்ளி, உச்சி வெயில். வண்டியை நானும் அக்காவும் தள்ள, ரொட்டிக்காரர் பின்னாலேயே, “வேணாம்மா, எதுக்கும்மா சண்ட, விக்கத்தானே போறோம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

“வாங்கறவன் காலும் கால்தானே அண்ணே?” என்றார் அக்கா.

ரேஸ் மாஸ்டர் கடையில் தரை அவ்வளவு வெள்ளை. சுவரில் கோப்பைகள். எந்தப் பந்தயத்தில் வாங்கியவை என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. நாலைந்து வாடிக்கையாளர்கள் மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் ஸ்டிக்கர் போலவே எழுத்துகள். ரொட்டிக்காரரைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன அங்கிள், மறுபடியுமா? நான்தான் சொன்னேன்ல, ஒரே மூச்சுல அழுத்தி அடிக்கணும்னு.”

“அவருக்குத் தெரியலயாம்” என்றார் அக்கா, நம்ப முடியாத பணிவோடு. “நீங்க ஒருதடவ அடிச்சுக் காட்டினா பாத்துக்குவார்.”

“அதுக்கென்ன” என்றவர் உள்ளே திரும்பி, சீருடை போட்ட வேலையாட்கள் இருவரைக் கூப்பிட்டார். “இந்த வண்டியத் தள்ளுங்கப்பா.”

அக்கா வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டார்.

“எதுக்குத் தள்ளணும்? கிக்கர் இருக்குல்ல? அடிங்க.”

“இல்ல மேடம், எங்க ப்ரொசீஜர்...”

“ஒரே மூச்சுல அழுத்தி அடிக்கணும், அவ்வளவுதானே? உங்களுக்கு வயசா ஆயிடுச்சு? ஷூவக் கழட்டிட்டு அடிங்க. இந்தக் கடையில இருக்கற யார் வேணும்னாலும் அடிங்க. நான் நிக்கறேன்.”

செல்போன்கள் தாழ்ந்தன. சீருடைக்காரர்களில் ஒருவர் கிக்கரைப் பார்த்தார். அப்படியே ஓரடி பின்னால் போனார். அதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்தக் காவல் நிலையத்திலும் கிடைக்காது. நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர், “என் வண்டியையும் தள்ளித்தானே ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தீங்க?” என்று எழுந்தார்.

மாஸ்டரின் சிரிப்பு இப்போதுதான் கழன்றது. “மேடம், உள்ள வாங்க, பேசிக்கலாம். ஃப்ரீயாவே செட் பண்ணித் தர்றேன். வேணும்னா குடுத்த காசையும்...”

“உங்க கை இந்த வண்டி மேல படக் கூடாது. உங்க காசும் வேணாம். இவர் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க கால் மேல தப்பு இல்லன்னு.”

அந்தக் குளிர்சாதன அறையில் மாஸ்டருக்கு வேர்த்தது. ரொட்டிக்காரரைப் பார்க்க முயன்றார். பார்வை பூட்ஸ் வரை போய்த் திரும்பிவிட்டது.

“சின்ன கம்யூனிகேஷன் கேப் ஆயிடுச்சு, அவ்வளவுதான்” என்றார்.

இலவசமாக வேலை வருகிறது, பணம் வருகிறது, ஆங்கிலம் வருகிறது; அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. அக்கா, எழுந்து நின்ற அந்த வாடிக்கையாளரிடம், “தம்பி, செல்ஃப் ஸ்டார்ட் இல்லாத வண்டின்னா கிக்கர்ல கால் வெக்காதீங்க. தள்ளிக்கிட்டே வேற எங்கயாவது கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார். திரும்பி வரும் வழி முழுக்க அவர் திட்டிய திட்டில் தெருநாய்கள் ஒதுங்கின. மாஸ்டருக்குப் பாதி, ரொட்டிக்காரருக்கு மீதி. “முப்பது வருஷம் அடிச்ச கால். எவனோ ஒருத்தன் சொன்னா உங்க கால நீங்களே சந்தேகப்படுவீங்களா அண்ணே?” அவர் தலைகுனிந்து நடந்தார்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். தகட்டைப் பின்னுக்குத் திருப்பி, முதல் கோடு முள்ளுக்கு நேராக வந்து நிற்கும்வரை சரிபார்த்து இறுக்கினார். “கிட் மேல ஒரு குத்தமும் இல்ல. நல்ல சாமான். போட்ட கைதான் சரியில்ல.” பிறகு டாங்கைக் கழற்றி, இஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் போகிற எர்த் கம்பியை இழுத்துக் காட்டினார். அது துருப்பிடித்து நார்நாராகப் போயிருந்தது. “மேடு ஏறாம முனகினது இதுக்குத்தான். புதுசு போடறதுக்கு முன்னாடி எவனாவது இதப் பாத்தானா?” பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத் தடித்த கம்பி போட்டார். விரிசல் விட்டிருந்த பிளக் தொப்பியை மாற்றினார். பிளக்கின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்தார். உள்கதவு இரண்டு தடவை திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது.

செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். மெதுவாக ஓர் அழுத்து. பிறகு ஒரே உதை. வண்டி சட்டென்று பிடித்து, முணுமுணுக்காமல், சீராக ஓடியது. கிக்கர் தன்பாட்டில் மேலே வந்து நின்றது. ரொட்டிக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இது தன்னுடைய வண்டிதானா என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது.

அக்கா சாவியைத் திருப்பி அணைத்தார்.

“இப்ப நீங்க அடிங்க.”

ரொட்டிக்காரர் வண்டியருகில் வந்தார். பூட்ஸ் காலைத் தூக்கிக் கிக்கர் மேல் வைத்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். “தம்பி அடிக்கட்டுமே...” என்று என்னைக் காட்டினார்.

“தம்பியா ரொட்டி போடப் போறார்?”

ரொட்டிக்காரர் சுவரோரமாகக் கிடந்த அக்காவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். குனிந்து, வலது பூட்ஸின் கயிற்று முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு துளையிலிருந்தும் கயிற்றைத் தளர்த்தி, காலை உருவி வெளியே எடுத்தார். அந்தக் கால் மற்றதைவிட மெலிந்து, வெளிறிப் போயிருந்தது. பூட்ஸை அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அக்கா திட்டவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து, மடிப்புக் கலையாத அந்த வெள்ளைத் துணியை எடுத்தார். வண்டியருகில் மண்டியிட்டு, கிக்கரின் ரப்பரில் இருந்த எண்ணெயை அதனால் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.